இரண்டாம் வருகை பற்றி ஆறு வார வேதபாடம்: எங்கே தொடங்குவது, எங்கே சறுக்கும்?

உப்போடை_வாசகன்

மட்டக்களப்பு கல்லடிப் பக்கம் வீட்டு வேதபாட வகுப்பு ஒன்று. இருபது பேர் மட்டில் வருவாங்க. பாதி மெதடிஸ்த, ஆறேழு பேர் கத்தோலிக்கர், மிச்சம் பெந்தெகொஸ்தே சபை. இளவட்டமும் இருக்கு, எழுபது தாண்டினவங்களும் இருக்காங்க. தலைப்பு இரண்டாம் வருகை. ஆறு வாரம், வாரம் ஒன்றேகால் மணித்தியாலம்.

எந்தப் பகுதியிலிருந்து தொடங்குவது? திகதி குறிக்கிற வீடியோவை யாராவது வகுப்புக்குள்ள கொண்டுவந்தா என்ன செய்யிறது? ஆயிரவருட அரசாட்சியை மூன்று பக்கத்தாரும் மூன்று விதமாப் படிச்சிருக்காங்க. அதைத் தொடுவதா, விடுவதா? நடத்திப் பழகினவங்க சொல்லுங்க.

புளியந்தீவு_பிரசங்கி

தம்பி, வெளிப்படுத்தின விசேஷத்தில் தொடங்க வேணாம். தொடங்கினா இரண்டாம் கிழமையே 13ம் அதிகாரத்துக்குப் பாய்ஞ்சிருவாங்க, மறுகா மிச்ச நாலு கிழமையும் மிருகமும் இலக்கமும்தான்.

முதல் வாரம் 1 தெசலோனிக்கேயர் 4:13 முதல் 5:11 வரை. பவுல் ஏறத்தாழ கி.பி. 50–51ல் கொரிந்துவில் இருந்து எழுதினது. புதிய ஏற்பாட்டில் மிகப் பழைய எழுத்துகளில் ஒன்று. தெசலோனிக்கே சபையை வாட்டின கேள்வி "எப்போ வருவார்" என்பது இல்லை. "அவர் வருமுன்னமே செத்துப்போன எங்கட ஆக்களுக்கு என்ன கதி" என்பதுதான். பவுல் கொடுக்கிற வரிசையைப் பலகையில் எழுதுங்க: கர்த்தர் இறங்கி வருகிறார், மரித்தவர்கள் முதலில் எழுந்திருக்கிறார்கள், பிறகுதான் உயிரோடிருப்பவர்கள். செத்தவங்க பின்னால் தள்ளப்படவில்லை, முன்னால் நிற்கிறாங்க. பகுதி முடிகிற இடம் 4:18, ஒருவரை ஒருவர் தேற்றுங்கள் என்று. பயமுறுத்தச் சொல்லவில்லை. இந்த ஒரு விசயம் முதல் நாளே மனசில் பதிஞ்சால் பிறகு வருகிற எல்லாவற்றையும் அதால் அளந்து பார்க்கலாம்.

இரண்டாம் வாரம் 2 தெசலோனிக்கேயர் 2, 3 அதிகாரங்கள். கர்த்தருடைய நாள் வந்தாயிற்று என்று யாரோ கிளப்பிவிட்டதால் சபை கலங்கின கதை 2:2ல் இருக்கு. 3:10–12ல் வேலைவெட்டி இல்லாமல் திரிகிறவங்களுக்குக் கண்டிப்பு. முடிவு கிட்டிவிட்டது என்று தொழிலை விடுகிற பழக்கத்துக்கு மருந்து அதே நிருபத்திலேயே இருக்கு, வேறெங்கும் தேடத் தேவையில்லை.

மூன்றாம் வாரம் மத்தேயு 24. இதுதான் கஷ்டமான வாரம், முழு நேரத்தையும் கொடுங்க. 24:3ல் சீஷர்கள் ஒரே மூச்சில் ஆலயம் இடிவதையும் அவருடைய வருகையையும் கேட்கிறாங்க. ஆலயம் கி.பி. 70ல் தீத்துவின் ரோமப் படையால் இடிஞ்சது. பதிலில் எந்த வசனம் எதைப்பற்றியது என்று பிரிக்கிறதில்தான் எல்லாரும் முட்டுப்படுறது. ஒரு ஏ4 தாளை மூன்று நிரலாக்கி மத்தேயு 24:15–20, மாற்கு 13:14–18, லூக்கா 21:20–24 மூன்றையும் பக்கம்பக்கமாப் போட்டு எல்லாருக்கும் போட்டோகொப்பி குடுங்க. மத்தேயுவும் மாற்கும் "பாழாக்குகிற அருவருப்பு" என்கிற இடத்தில் லூக்கா "எருசலேம் சேனைகளால் சூழப்பட்டிருக்கிறதை" என்று எழுதுகிறார். தாளைப் பார்த்தாலே பாதி வாக்குவாதம் அடங்கிப்போகும்.

அதே அதிகாரத்தில் 40–41, வயலில் இருவர், ஒருவன் எடுத்துக்கொள்ளப்படுவான். இதைப் படித்தவுடன் எடுத்துக்கொள்ளப்படுவதுதான் பாக்கியம் என்று எல்லாரும் முடிவுகட்டுவாங்க. 39ஐ வாசிக்கச் சொல்லுங்க. அங்கே வாரிக்கொண்டு போகப்பட்டவங்க ஜலப்பிரளயத்தில் அழிஞ்சவங்க, மிஞ்சினது நோவா. ஆகவே அந்த வசனத்தை மட்டும் வைத்து ஒரு உபதேசத்தைக் கட்ட ஏலாது.

திருக்கோவில்_எக்காளம்

பிரசங்கி ஐயா சொன்ன ஒழுங்கு நல்லது. ஆனா கடைசிப் பந்தியில் இரகசிய வருகையை, அதாவது உபத்திரவ காலத்துக்கு முன்னமே சபை எடுத்துக்கொள்ளப்படும் என்பதை, ஒரே தட்டில் தள்ளிவிட்டது போலத் தெரியுது. எங்கட பக்கத்து ஆதாரத்தையும் வகுப்பில் வைக்கணும்.

நாங்கள் மத்தேயு 24:40ல் நிற்கிறதில்லை. நிற்கிற இடங்கள் இவை: யோவான் 14:3, என்னிடத்தில் சேர்த்துக்கொள்வேன் என்றது. 1 தெசலோனிக்கேயர் 1:10, 5:9, கோபாக்கினைக்கு நியமிக்கப்படவில்லை என்றது. வெளிப்படுத்தல் 3:10, சோதனைகாலத்துக்குத் தப்பும்படி காப்பேன் என்று பிலதெல்பியா சபைக்குச் சொன்னது. இன்னொன்று: 3:22க்குப் பிறகு "சபை" என்ற சொல் 22:16 மட்டும் வராது. இடையில்தான் முத்திரை, எக்காளம், கலசம் எல்லாம் நடக்குது. உபத்திரவ காலத்தில் சபை பூமியில் இல்லை என்று நாங்கள் எடுக்கிறது இதனால்தான்.

திகதி குறிக்கிறவங்களோடு எங்களைச் சேர்க்க வேணாம் பிரதர். எந்த நிமிடமும் வரலாம் என்று நம்புகிறவனுக்குத் திகதி சொல்லவே ஏலாது. திகதி சொன்ன கணமே "எந்த நிமிடமும்" என்பது போயிட்டுது.

புளியந்தீவு_பிரசங்கி

கடைசியாகச் சொன்னது நியாயமான வாதம், அதை அப்படியே வகுப்பில் சொல்லலாம்.

மற்றதுக்கு மறுபக்கமும் இருக்கு. "சபை" என்ற சொல் இல்லாவிட்டாலும் "பரிசுத்தவான்கள்" 13:7, 13:10, 14:12ல் மிருகத்தின் காலத்துக்குள்ளேயே நிற்கிறாங்க. மத்தேயு 24:29–31ல் தெரிந்துகொள்ளப்பட்டவர்கள் சேர்க்கப்படுவது உபத்திரவத்துக்குப் பிறகு. 2 தெசலோனிக்கேயர் 2:1–3ல் நாம் அவரிடத்தில் சேர்க்கப்படுவதும் கேட்டின் மகன் வெளிப்படுவதும் ஒரே பேச்சில் வருது. வருகையை இரண்டு கட்டமாக, இடையில் ஏழு வருடம் வைத்து ஒழுங்காகப் போதித்தது 1830களில் ஜோன் நெல்சன் டார்பி. அதை வீடுவீடாகப் பரப்பினது 1909ல் வந்த ஸ்கோபீல்ட் குறிப்பு வேதாகமம்.

திருக்கோவில்_எக்காளம்

பிந்தி ஒழுங்குபடுத்தினது என்பதால் பிழையாகாது ஐயா. விசுவாசத்தால் நீதிமானாவது என்ற உபதேசத்தையும் லூத்தர் காலத்தில் புதுசு என்றுதான் சொன்னாங்க. வசனத்தால் தீர்ப்போம்.

புளியந்தீவு_பிரசங்கி

சரி, வசனத்தாலேயே. நாலாம் வாரத்தில் அரை மணித்தியாலம் உங்கட பக்க ஆள் ஒருவர் பேசட்டும், அரை மணித்தியாலம் மறுபக்கம். தீர்ப்பு வேணாம். வகுப்பு நடத்துகிறவர் இரண்டில் எதிலும் பேசக்கூடாது, மணிக்கூட்டை மட்டும் பார்க்கணும்.

தாண்டவன்வெளி_மறைக்கல்வி

கத்தோலிக்கக் குடும்பங்கள் இருக்கிறதால் ரெண்டு விசயம்.

ஒன்று, எங்கட திருவழிபாட்டில் இந்தப் பாடம் ஏற்கனவே நாட்காட்டிக்குள்ள இருக்கு, அதோடு பொருத்தினால் அவங்களுக்கு அந்நியமாத் தெரியாது. கார்த்திகையில் பொதுக்காலத்தின் 33ம் ஞாயிறும் கிறிஸ்து அரசர் விழாவும் இறுதிக்காலத்தைத்தான் பேசும். திருவருகைக்காலம் முதல் ஞாயிறின் நற்செய்தி, மூன்று ஆண்டு வாசகச் சுழற்சியில், முதலாம் ஆண்டில் மத்தேயு 24:37–44, இரண்டாம் ஆண்டில் மாற்கு 13:33–37, மூன்றாம் ஆண்டில் லூக்கா 21:25–28, 34–36. டிசம்பர் 16 வரைக்கும் திருப்பலித் தொடக்கவுரை இரண்டு வருகையையும் சேர்த்துச் சொல்லும், 17 தொடங்கித்தான் பெத்லகேம் பக்கம் திரும்பும். நம்மட ஆக்கள் முதல் ஞாயிறே குடிலுக்கு வைக்கோல் தேடத் தொடங்குறாங்க, அது வேற கதை.

மற்றது ஆயிரவருட அரசாட்சி. விடாதீங்க, ஆனா ஒரு வாரத்துக்கு மேல் ஓட்டாதீங்க. வெளிப்பாடு 20:2–7க்குள் "ஆயிரம்" ஆறு தடவை வருது. மூன்று வாசிப்பு உண்டு. கிறிஸ்து வந்த பிறகு பூமியில் ஆயிரம் ஆண்டு ஆட்சி என்பது ஒன்று. நற்செய்தி உலகெங்கும் பரவி ஒரு நீண்ட நற்காலம் வந்து அதன் முடிவில் அவர் வருவார் என்பது அடுத்தது. அந்த ஆயிரம் என்பது உயிர்ப்பிலிருந்து வருகை வரைக்குமான இந்தத் திருச்சபைக் காலமே என்பது மூன்றாவது. புனித அகுஸ்தீனார் 'கடவுளின் நகரம்' 20ம் புத்தகத்தில் சொல்வது இதுதான். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி 675–677 எண்களில் கடைசிச் சோதனை ஒன்று உண்டு, ஆனால் வரலாற்றுக்குள்ளேயே இறையாட்சி முழுமையாகிவிடும் என்ற ஆயிரமாண்டுக் கொள்கையை ஏற்பதில்லை என்று தெளிவாக இருக்கு. அதை வாசித்தால் போதும்.

மூன்று சபையையும் ஒரே மேசையில் வைக்கிற இடம் ஒன்று வேணுமென்றால் 1 கொரிந்தியர் 11:26. நற்கருணை என்றாலும் திருவிருந்து என்றாலும் எல்லாரும் அதை அவர் வருமளவும் என்று சொல்லித்தான் எடுக்கிறாங்க.

கல்முனை_கணக்கு

திகதி வீடியோவுக்கு வாறேன். வீடியோவைத் திட்டிப் பிரயோசனமில்லை. கணக்கைப் பலகையில் போட்டுக்காட்டுங்க, தானாகக் கழன்று விழும்.

பெரும்பாலான கணக்கு நாலே நாலு கல்லில்தான் நிற்கும். ஒன்று, ஒரு நாள் ஒரு வருடம் என்பது. எண்ணாகமம் 14:34, எசேக்கியேல் 4:6ல் இருந்து எடுப்பாங்க. இரண்டும் குறிப்பிட்ட ஒரு தண்டனைக்குச் சொன்னது, எல்லாத் தீர்க்கதரிசனத்துக்கும் திறப்பு என்று அங்கே இல்லை. இரண்டு, 360 நாள் வருடம். 42 மாதம் = 1260 நாள் = மூன்றரைக் காலம், இது வெளிப்படுத்தல் 11:2–3, 12:6, 12:14, 13:5ல் பொருந்தி வரும், அதனால் மாதம் 30 நாள் என்று எடுக்கிறது அங்கே சரி. பிழை வருவது அதை எங்கு வேணுமோ அங்கு மட்டும் பாவித்து மற்ற இடத்தில் 365¼ பாவிக்கிறதால். ஒரே வீடியோவுக்குள்ள இரண்டும் வரும், கவனிச்சுப் பாருங்க. மூன்று, தொடக்க ஆண்டு. தானியேல் 9:25ன் கட்டளைக்கு கோரேஸின் கி.மு. 538, எஸ்றா 7ல் அர்தசஷ்டாவின் 7ம் ஆண்டு கி.மு. 457, நெகேமியா 2ல் அவருடைய 20ம் ஆண்டு கி.மு. 445 என்று குறைஞ்சது மூன்று வாய்ப்பு இருக்கு. விரும்பின முடிவு வருகிற தொடக்கத்தை எடுத்துக்கொள்ளுவாங்க. நாலு, 1948ல் இஸ்ரவேல் தேசம் உருவானது. அத்திமர உவமையையும் "இந்தச் சந்ததி" என்பதையும் அதில் ஒட்டி, சந்ததி 40 வருடம் என்றால் 1988. அது தவறினதும் சங்கீதம் 90:10ஐ எடுத்து 70 என்று 2018. அதுவும் போய் இப்போ 80 என்று 2028 சுற்றுது. உவமையை லூக்கா 21:29ல் பார்த்தால் "அத்திமரத்தையும் மற்றெல்லா மரங்களையும்" என்றிருக்கு. மற்ற மரங்கள் எந்த நாடு என்று கேளுங்க.

நடந்த கணக்குகளையும் தேதியோடு சொல்லணும். அமெரிக்காவில் வில்லியம் மில்லர் தானியேல் 8:14ன் 2300ஐ வருடமாக்கி கி.மு. 457ல் இருந்து எண்ணினார். 2300இல் 457ஐக் கழித்தால் 1843. கி.மு. 1க்கு அடுத்தது கி.பி. 1, நடுவில் பூச்சிய ஆண்டு கிடையாது, ஆகவே ஒன்று கூட்ட 1844. கடைசியில் 1844 அக்டோபர் 22 என்று நாள் குறித்தாங்க, நடக்கவில்லை. தென்கொரியாவில் டாமி இயக்கம் 1992 அக்டோபர் 28 என்றது. சொத்தை விற்றவங்க, வேலையை விட்டவங்க பலர். தலைவர் லீ ஜாங் ரிம் மோசடிக்காகப் பிடிபட்டார், அவர் வாங்கி வைத்திருந்த முதலீட்டுப் பத்திரங்கள் முதிர்வடையும் ஆண்டு 1993. இதைச் சொன்னால் சிரிப்பு வரும், ஆனா சொத்தை விற்ற குடும்பங்களையும் சேர்த்துச் சொல்லுங்க. ஹரோல்ட் காம்பிங் 2011 மே 21 என்று சொல்லி, தவறினதும் அக்டோபர் 21க்கு மாற்றினார்.

இன்னொன்று: 1988, 2017, 2025க்குக் குறிச்ச திகதிகள் மூன்றும் செப்டெம்பரில் வந்தது ஏன் தெரியுமா? யூதரின் எக்காளப் பண்டிகை அந்தப் பக்கம் வரும். பிறை பார்த்துத் தொடங்குகிற நாள், அதனால்தான் "அந்த நாளை ஒருவனும் அறியான்" என்று இயேசு சொன்னது அந்தப் பண்டிகையையே குறிக்குது என்று திருப்புவாங்க. மத்தேயு 24:36ல் தூதர்களும் அறியார்கள் என்றிருக்கு. பிறை தெரியாத தூதர்களா? ஆவணி கடைசி, புரட்டாதி வந்தா வட்ஸ்அப்பில் இது வரும் என்று முன்கூட்டியே வகுப்பில் சொல்லி வைங்க.

செங்கலடி_இளையோர்

இளம் ஆக்கள் முதலில் கேட்கப்போறது 666. கியூஆர், இலத்திரனியல் அடையாள அட்டை, தடுப்பூசி, பார்கோட் எல்லாம் வரும். ரெண்டு வரியில் சொல்ல ஏதும் இருக்கா அண்ணன்?

கல்முனை_கணக்கு

ரெண்டு வரியில் ஏலாது, அஞ்சு வரி தாறேன்.

பார்கோட்: ஆரம்பம், நடு, முடிவில் உள்ள நீண்ட இரட்டைக் கோடுகள் 6 மாதிரித் தெரியும், ஆனா அவை இயந்திரத்துக்கு எல்லை காட்டுகிற கோடுகள், எந்த இலக்கமும் இல்லை. 666ன் எண்ணிக்கை: எழுத்துக்கு இலக்கம் உண்டு என்ற பழைய முறையில் நீரோ கேசர் என்பதை எபிரெய எழுத்தில் எழுதினால் 50+200+6+50 = 306, 100+60+200 = 360, கூட்டினால் 666. கடைசி 50ஐ விட்டால் 616. சில பழைய கையெழுத்துப் பிரதிகளில் 616 என்றே இருக்கு, ஆதித்திருச்சபைத் தந்தை ஐரேனியு அதை அறிந்து மறுத்தும் எழுதியிருக்கார். எல்லாரும் இந்த விளக்கத்தை ஏற்கிறதில்லை, ஆனா முதல் வாசகர் எண்ணிப் பார்க்கக்கூடிய ஒரு பெயர் என்பது வெளிப்படுத்தல் 13:18ன் போக்கு.

முக்கியமானது இலக்கம் இல்லை. 13:15–17, 14:9ஐச் சேர்த்து வாசிச்சா முத்திரை எப்பவும் மிருகத்தை வணங்குவதோடு சேர்ந்தே வரும். 7:3லும் 14:1லும் தேவனுடையவர்களுக்கும் நெற்றியில் முத்திரை இருக்கு, அதை யாரும் பச்சை குத்தினதாக எடுக்கிறதில்லையே. தெரியாமல், ஒரு அட்டையை எடுத்ததால் விழுகிற முத்திரை என்று வசனத்தில் ஒன்றும் இல்லை. தடுப்பூசிக்குப் பயந்தவங்க கேட்டால் இதை மெதுவாச் சொல்லுங்க, ஏளனம் செய்தா வகுப்புக்கு வரமாட்டாங்க.

கல்லாற்று_அக்கா

எல்லாரும் கணக்கோடு நிற்கிறீங்க. நம்மட பகுதியில் இந்தப் பாடம் நடத்துகிறவங்க கடலைப் பற்றி யோசிக்காமல் போகக்கூடாது.

கல்லடி, நாவலடி, கல்லாறு, கல்முனை, திருக்கோவில் என்று கரையோரம் முழுக்க 2004 டிசம்பர் 26ல் ஆக்களைக் குடுத்த ஊர். லூக்கா 21:25ல் சமுத்திரமும் அலைகளும் முழக்கமாயிருக்கும் என்று இருக்கு. அதைச் சுனாமிக்கு நேரே பொருத்தி, இன்ன பாவத்துக்கு இன்ன ஊருக்கு வந்தது என்று பேசுகிற பிரசங்கம் இன்னும் கேட்கிறதுதானே. அதுக்குப் பதில் லூக்கா 13:1–5. சீலோவாம் கோபுரம் விழுந்து செத்த பதினெட்டுப் பேரும் மற்றவங்களை விடக் குற்றவாளிகளா என்று இயேசுவே கேட்டு, இல்லை என்கிறார். மூன்றாம் வாரத்தில் மத்தேயு 24 படிக்கிற அன்றே இதையும் வாசிங்க, பிறகு என்று தள்ளக்கூடாது. 24:8ல் பூமியதிர்ச்சி, பஞ்சம் எல்லாம் வேதனைகளுக்கு ஆரம்பம் என்றுதான் இருக்கு, 24:6ல் முடிவு உடனே வராது என்றும் இருக்கு. 1978 கார்த்திகைச் சூறாவளிக்கும் சுனாமிக்கும் ஒரே விதி: கடைசிநாள் மணிக்கூட்டின் முள்ளாக எந்த அழிவையும் பாவிக்க வேணாம்.

உடலே கிடைக்காதவங்கட குடும்பம் வகுப்பில் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்க. வெளிப்படுத்தல் 20:13ல் சமுத்திரம் தன்னிலுள்ள மரித்தோரை ஒப்புவித்தது என்று முதலில் கடலைச் சொல்லித்தான் பிறகு மரணத்தையும் பாதாளத்தையும் சொல்லுது. கல்லறை இல்லாதவங்கட பேர் அந்த வரிசையில் முன்னுக்கு நிற்குது. விளக்கம் அதிகம் வேணாம். வாசிச்சுப்போட்டு இரண்டு நிமிடம் சும்மா இருங்க.

21:1ல் "சமுத்திரமும் இல்லாமற்போயிற்று". மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளை கட்டாயம் கேட்கும், அப்ப தோணியும் வலையும் என்ன செய்யிறது என்று. இந்தப் புத்தகத்தில் 13:1ல் மிருகம் எழும்பினது கடலில் இருந்து, தானியேல் 7:3லும் அப்படித்தான். கேடு கிளம்புகிற இடம் இல்லாமல் போகுது என்பதுதான் பொருள். படைப்பையே தேவன் வெறுக்கிறார் என்று விளங்கிவிடாமல் ரோமர் 8:19–23ஐயும் சேர்த்து வாசிங்க. 22:1ல் ஆறு வருது, தண்ணி இல்லாத ஊர் இல்லை.

ஐந்தாம் முத்திரை, 6:9–11. சீயோன் தேவாலயத்தில் 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்பு நடந்த நகரத்தில் இதைச் சும்மா வாசித்துவிட்டுப் போக ஏலாது. இரத்தசாட்சிகள் "எதுவரைக்கும்" என்று கேட்கிறாங்க, அதுக்குத் திகதி சொல்லப்படவில்லை, வெள்ளை அங்கி குடுக்கப்படுது, இளைப்பாறச் சொல்லப்படுது. திரையில் அன்றைய படங்களைப் போடவே வேணாம். அந்திக்கிறிஸ்து பற்றின பேச்சை அயல் ஊர்ச் சமயத்தாரின் மேல் திருப்புகிற ஆள் ஒருத்தர் எப்பவும் இருப்பார். 1 யோவான் 2:18–19ஐக் காட்டுங்க, அங்கே அந்திக்கிறிஸ்துக்கள் "நம்மைவிட்டுப் பிரிந்துபோனவர்கள்". வெளியில் தேடத் தேவையில்லை.

தாண்டவன்வெளி_மறைக்கல்வி

அக்கா சொன்னதுக்கு மேல் ஒன்றும் சேர்க்கிறதில்லை. ஒரே ஒரு நடைமுறை: 2 நவம்பர் இறந்தோர் நினைவு நாளுக்கு முந்தின கிழமையில் முதல் வாரப் பாடம் விழுகிற மாதிரி வைத்தால் கல்லறைத் துப்பரவு, மெழுகுதிரி எல்லாத்துக்கும் அர்த்தம் தானே வந்து சேரும்.

உப்போடை_வாசகன்

எல்லாருக்கும் நன்றி. ஐந்தாம் வாரம் வெளிப்படுத்தின விசேஷம் என்று எடுக்கிறேன். 22 அதிகாரத்தையும் ஒரு நாளில் எப்படி? முத்திரை, எக்காளம், கலசம் ஒன்றுக்குப் பின் ஒன்றா, ஒன்றையே மூன்று தரம் சொல்லுதா?

புளியந்தீவு_பிரசங்கி

22ஐயும் எடுக்க வேணாம். 1–3, 4–5, 21–22 போதும். ஏழு சபையும் இப்போதைய துருக்கியின் மேற்குப் பக்கத்தில் இருந்த உண்மையான ஊர்கள், கடிதம் அவங்களுக்குப் போனது என்பதை முதல் பத்து நிமிடத்தில் சொல்லிவிடுங்க. அவங்களுக்கு விளங்காத ஒன்றாக இந்தப் புத்தகத்தை ஆக்க ஏலாது.

ஒழுங்கு பற்றி: முத்திரை 6:1–8:1, எக்காளம் 8:2–11:19, கலசம் 15–16. நேர்கோட்டில் வாசிப்பவர்களுக்குக் கஷ்டமான இடம் இது. ஆறாம் முத்திரையில் 6:14 வானம் சுருட்டப்பட்டுப் போகுது. பிறகு 8:12ல் சூரியனிலும் நட்சத்திரத்திலும் மூன்றிலொரு பங்கு அடிபடுது. 8:7ல் பசும்புல்லெல்லாம் எரிஞ்சது, 9:4ல் புல்லைச் சேதப்படுத்த வேணாம் என்று கட்டளை. திரும்பத்திரும்பச் சொல்லுது என்பவர்களுக்குக் கஷ்டமான இடம் 15:1, இவை கடைசி வாதைகள் என்று அங்கே தெளிவாயிருக்கு. அஞ்சு வசனத்தையும் பலகையில் எழுதி ஆக்களையே யோசிக்க விடுங்க.

மெதடிஸ்த ஆக்கள் "எங்கட சபை என்ன சொல்லுது" என்று கேட்பாங்க. ஆயிரவருடம் பற்றி ஒரு கட்டாயக் கோட்பாடு இல்லை. வெஸ்லி 1755ல் வெளியிட்ட புதிய ஏற்பாட்டுக் குறிப்புகளில் வெளிப்படுத்தலுக்கு ஜெர்மன் அறிஞர் பெங்கலைத்தான் பெரும்பாலும் பின்பற்றினார். பெங்கலின் கணக்கில் பெரிய திருப்பம் 1836. மெதடிஸ்த மிசனரி வில்லியம் ஓல்ட் மட்டக்களப்பில் வந்திறங்கினது 1814ல். அந்தக் கணக்கை நம்பியிருந்தால் பள்ளிக்கூடம் கட்டியிருக்கமாட்டார், இருபத்திரண்டு வருடத்துக்கு ஏன் கட்டிடம்?

செங்கலடி_இளையோர்

வேதாகமம் என்ன பாவிக்கிறது? ஆளுக்கொரு மொழிபெயர்ப்போட வந்தா பக்கம் தேடியே நேரம் போயிடும்.

தாண்டவன்வெளி_மறைக்கல்வி

பழைய மொழிபெயர்ப்பில் வெளிப்படுத்தின விசேஷம், திருவிவிலியத்தில் திருவெளிப்பாடு. தெசலோனிக்கேயர் அங்கே, தெசலோனிக்கர் இங்கே. அதிகாரமும் வசன இலக்கமும் நீங்கள் எடுக்கிற பகுதிகளில் ஒன்றுதான். தாளின் மேலே இரண்டு பெயரையும் அடிச்சு விடுங்க. வாசிக்கிறவர் ஒரு வாரம் இதிலிருந்து, மறுவாரம் அதிலிருந்து. தானியேலில் மட்டும் பார்த்துக்கொள்ளுங்க, கத்தோலிக்கப் பதிப்பில் 3ம் அதிகாரத்தில் பாடல் பகுதி கூட இருக்கும், 13, 14ம் இருக்கும். 7, 8, 9 அதிகாரங்களுக்கு அதால் குழப்பம் வராது.

கல்முனை_கணக்கு

ஐப்பசி நடுவில் தொடங்கினா ஆறாம் வாரம் மாரிக்குள்ள விழும். வெள்ளம் ஏறினா அந்தக் கிழமை ஆக்கள் வர ஏலாது. ஒரு வாரம் கையில் வைத்துக்கொண்டு புரட்டாதி கடைசியில் தொடங்குங்க. வெட்டவேண்டி வந்தால் நாலாம் வார விவாதத்தை வெட்டுங்க, 21–22ஐ வெட்ட வேணாம்.

திருக்கோவில்_எக்காளம்

விவாதத்தை வெட்டுறதெண்டா எங்கட பக்க வசனத் தாளையாவது குடுத்துவிடுங்க பிரதர். நான் மேலே போட்ட அஞ்சு இடமும் ஒரு பக்கத்துக்குள்ள அடங்கும்.

உப்போடை_வாசகன்

குடுக்கிறேன் பிரதர். ஐயா போட்ட மறுபக்க வசனங்களையும் அதே தாளின் பின்பக்கத்தில் அடிக்கிறேன், இருபத்தைந்து பிரதி.